தூக்குக்குள் பாடிய லில்லி அம்மா

"நாப்பது வருஷமா இந்த ஊர்ப் பாட்டெல்லாம் எடுத்துக்கினு இருக்குதே அந்தம்மா, திருப்பி நமக்கு என்னத்தக் குடுத்துது? நீ சொல்லு ரூக்ஷார், பாப்போம்."

எங்கள் தெரு நெசவாளர் சங்கத்தின் வாசலில் பஞ்சாட்சரம் அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டார். பிளஸ் டூ முடித்துவிட்டு, வீட்டில் உட்கார முடியாமல், அப்பா ஜான் பாஷாவின் லோடு ஆட்டோவில் கூடவே சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. அன்று வண்டி நிறைய லில்லி அம்மாவின் பெட்டிகள்.

லில்லி அம்மா அயர்லாந்துக்காரர். கடலோரத்தில் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் காஞ்சிபுரத்து மருத்துவமனை ஒன்றுக்கு நர்ஸாக வந்தவர். வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த வீரபத்திரனைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் காலமான பிறகும் சொந்த ஊருக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "இவ்ளோ பெட்டியை எந்த பிளைட்டுல ஏத்துவாங்க?" என்பார்.

பெட்டிகளில் இருப்பவை பாட்டும் புத்தகமும். டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடவு வயல், கல்யாண வீடு, விடியற்காலையில் தறி நூலை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு நீட்டும் தெரு என்று போய்ப் பதிவு செய்த கேசட்டுகள். எங்கள் வீட்டுப் பெண்கள் மருதாணி வைக்கும்போது பாடுகிற பாட்டுகூட அதில் உண்டு. திருப்புட்குழி பக்கம் ஒரு ஜைனக் குடும்பம் கொடுத்த தோத்திரப் புத்தகங்கள் ஒரு பெட்டி. மற்றதெல்லாம் பழைய பேப்பர் கடையில் பிடித்தவை. இவர் வருவதைப் பார்த்தாலே கடைக்காரர் நல்ல புத்தகங்களை மூட்டைக்கு அடியில் தள்ளி விலையை ஏற்றிவிடுவார். லில்லி அம்மா அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். "நான் எழுந்துக்க மாட்டேன்பா. வேணும்னா என்னையும் சேத்து எடை போடு."

அவர் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். அன்றுதான் காலி செய்தாக வேண்டிய நாள். ஓரிக்கையில் அவருக்கு ஒரு சின்ன அறை கிடைத்திருந்தது. அதில் கட்டில் போட்டால் பெட்டிக்கு இடமில்லை. சங்கத்து மாடியில் பெரிய அறை சும்மா கிடந்ததால் அதைக் கேட்டிருந்தார். இல்லையென்று சொல்லிவிட்டால், எல்லாவற்றையும் வெளியூரில் கேட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதற்காகத்தான் கூட்டம்.

உள்ளே கூட்டம் தொடங்கியதும் பஞ்சாட்சரம் அண்ணன் எழுந்து பேசினார். "எங்க வூட்ல பாட்டுக்கு என்ன பஞ்சம்? எங்கம்மா பாடுற நாடா பாட்டு ஒண்ணு போதும். அது ரூம் கேக்குதா, பெட்டி கேக்குதா? தொண்டையிலியே இருக்குது." சொன்னதோடு நிற்காமல் பாடியும் காட்டினார்.

போய் வா நாடா போய் வா
பொழுது சாய வீடு வா

தறியில் நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் நாடாவைப் பார்த்துப் பாடும் பாட்டு. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கூட்டமே சேர்ந்து பாடியது. நானும் பாடினேன்.

லில்லி அம்மா முதலில் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அவரும் பாட ஆரம்பித்தார். அதே மெட்டு. வார்த்தை மட்டும் வேறு பாஷை. நாங்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டோம். அவர் இரண்டு வரியில் நிற்கவில்லை. எங்களுக்குத் தெரியாத மூன்றாவது, நான்காவது வரிக்குப் போனார்.

"இது எப்படிமா உங்களுக்குத் தெரியும்?" என்றார் அண்ணன்.

"எங்கம்மா பாட்டுபா. அப்பா படகுல கடலுக்குப் போனா, கரையில நின்னுக்கினு பாடுவாங்க. படகே, சாயங்காலம் பத்திரமா வந்துடுன்னு."

"வெளையாடாதீங்கமா. இது எங்கம்மா பாட்டு."

பின்னால் நாற்காலியில் இருந்த அவருடைய அம்மா பட்டம்மாள் எழுந்தார். "உக்கார்றா. நான் இவகிட்ட வாங்கினதுதான் அது."

அண்ணன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பட்டம்மாள் சொன்னார். "நான் தாலாட்டு பாடினேன். இவ புதுசா வந்த நர்ஸு. மறுபடி பாடு, மறுபடி பாடுன்னு, தூங்குன கொழந்தையை எழுப்பி எழுப்பிப் பாட வெச்சா. மறுநாள் ஒரு தூக்குல சக்கரைப் பொங்கல் குடுத்தேன். கழுவி வெறும் தூக்கா திருப்பிக் குடுக்குறா! எங்க வழக்கத்துல அப்படிக் குடுக்க மாட்டாங்கமா, ஒரு புடி சக்கரையாவது போடுன்னேன். ஆஸ்பத்திரியில சக்கரைக்கு எங்க போவா? தூக்கு வாயில மூஞ்சை வெச்சிக்கினு இதைப் பாடினா. நானும் மூடியை இறுக்கிப் போட்டு வூட்டுக்கு எடுத்துக்கினு வந்தேன்."

கூட்டம் சிரித்து அடங்கவே நேரமாயிற்று.

"வார்த்தை புரியல. மெட்டு மனசுல நின்னுடுச்சு. தறியில உக்காந்தப்ப நானே நாடான்னு போட்டுக்கினேன்" என்றார் பட்டம்மாள்.

"அன்னியிலருந்து எந்த வூட்ல பாட்டு வாங்கினாலும் ஒண்ணு பாடிட்டுத்தான் வருவேன்" என்றார் லில்லி அம்மா. "யாருக்கும் ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சேன். ஏன் பட்டு, நீ என்கிட்ட சொல்லவேயில்ல?"

"உன் பாட்டை உனக்கே பாடிக் காட்டவா? தப்பாப் பாடினா திட்டுவியே! நீ டேப்போட வந்தாலே தெருவையே வேற பாட்டுக்கு மாத்திடுவேன்."

"பஞ்சாட்சரம், இவ்ளோ நாளா நீ பாடினது இங்கிலீஷ் பாட்டாபா?" என்று யாரோ கத்தினார்கள்.

"இங்கிலீஷ் இல்ல, ஐரிஷ்!" லில்லி அம்மா விரலை நீட்டித் திருத்தினார்.

அண்ணன் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது தலையில் ஒரு பெட்டி இருந்தது. "ரூமைத் தொறங்கபா, கழுத்து வலிக்குது" என்றார். செயலாளர் சாவியை எடுக்க ஓடினார். யாரும் கை தூக்கி ஓட்டுப் போட வேண்டியிருக்கவில்லை. அப்பாவும் நானும் மற்றவர்களும் பெட்டிகளைச் சுமந்து ஏற, படியில் நின்றுகொண்டு லில்லி அம்மா எங்களுக்கு மூன்றாவது வரியைச் சொல்லிக்கொடுத்தார். இன்னும் அது யாருக்கும் சரியாக வரவில்லை.

அண்ணன் கேட்ட கேள்வியை இனி யார் கேட்டாலும் நான் பாடியே காட்டிவிடுவேன். இதைப் படித்த நீங்களும் யாருக்காவது சொல்லுங்கள். கதை கேட்டவரைச் சும்மா போக விடாதீர்கள். அவர் வீட்டுப் பாட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.