வளவு கேட்டுப் போன மெம்பர்

என்னை மாகாண சபைத் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்டு வந்தவர்கள் முதலில் என் கணவரிடம்தான் கேட்டார்கள். நான் அப்போது வீட்டில் இல்லை. கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில், பிறந்து ஐந்து நாளான பிள்ளையின் தொப்புளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் முன் ஹோலில் நாலு வெள்ளைச் சட்டைகள், நாலு பிளேன்டீக் கோப்பைகள், நடுவில் என் மனிதர்.

"ஒன்னக் கேட்டுத்தான் வந்திரிக்காங்க," என்றார். "நான் ஓம் எண்டும் சொல்லல்ல, இல்ல எண்டும் சொல்லல்ல. இந்த ஊட்டுல கறிக்கு உப்புக் காணாது எண்டு சொல்லவே எனக்கு அதிகாரமில்ல எண்டு சொல்லிட்டன்."

எனக்கு வந்தது கோபம். நிற்கப் போவது நான், பெயர் என்னுடையது, போஸ்டரில் ஒட்டப் போவது என் முகம். இவரிடம் என்ன கேள்வி? கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே அவர்கள் முன்னால் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஏசினேன். ஏசி முடித்தபோது பார்த்தால் சம்மதித்திருந்தேன்.

சம்மதித்ததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. நான் இருபத்தைந்து வருடம் மருத்துவமாது. ஊருக்கு 'மிட்வைப் மிஸ்'. கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, பிள்ளைகளை நிறுப்பது, தடுப்பூசிக்குப் பயந்து ஒளிக்கிற தாய்மாரைத் தேடிப் பிடிப்பது, இதுதான் என் உலகம். கடலடிப் பக்கத்துக்கு என்று கிளினிக் கட்டடம் இருக்கவில்லை. கிழமைக்கு ஒரு நாள் மத்ரஸா மண்டபத்தில், பிள்ளைகள் ஓதி முடித்துப் போன பிறகு, இரண்டு தூணுக்கு நடுவில் பெட்ஷீட் ஒன்றைக் கட்டி, அதற்குப் பின்னால் வயிறு பார்ப்போம். கடற்காற்று சும்மா இருக்குமா? சீலை எழும்பும். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாள் ஒருத்தி படுத்திருக்கும்போது சீலை முழுதாகப் பறந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு கிளினிக்குக்கு வரவேயில்லை. ஏழாம் மாதத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வந்து, வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். தாயும் பிள்ளையும் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த வேனில் அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு போன தூரம் எனக்கு மறக்காது. பூட்டக்கூடிய கதவுள்ள ஒரு அறை இருந்திருந்தால் அவள் வந்திருப்பாள். எனக்கு வேண்டியது அந்தக் கதவுதான். மாகாண சபையில் கதவு கிடைக்கும் என்றால் மாகாண சபைக்குப் போவோமே என்று நினைத்தேன்.

வாக்குக் கேட்கப் போன கதையைச் சொன்னால் கட்சிக்காரர்கள் இப்போதும் தலையில் கை வைப்பார்கள். வாசல் கடப்படியில் நின்று என் விருப்பு வாக்கு இலக்கத்தைச் சொல்லி, துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு அது வரவில்லை. பிள்ளையைக் கண்டால், "கார்ட் எங்க? ஒம்பதாம் மாச ஊசி போட்டாச்சா?" என்றுதான் வாயில் வருகிறது. ஒரு வீட்டில் அப்படியே உள்ளே போய், மெலிந்த பிள்ளை ஒன்றுக்குப் பருப்பும் கீரையும் எப்படி மசித்துக் கொடுப்பது என்று காட்டிவிட்டு வெளியே வந்தால், ஒலிபெருக்கி வேன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. என் இலக்கத்தை அந்த வீட்டில் சொன்னேனா என்பதே நினைவில்லை. இரும்புச் சத்துக் குளிசையை விழுங்கியதும் தேத்தண்ணி குடிக்காதீர்கள் என்பதுதான் நான் மேடையில் பேசிய பேச்சுகளில் அதிகம் கைதட்டல் வாங்கியது. தட்டியவர்கள் எல்லோரும் பெண்கள். ஆண்கள் பிளேன்டீயைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி இருந்தார்கள்.

வென்றேன். எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். கார்ட் எங்கே என்று கேட்டு நான் ஏசிய வீடுகளெல்லாம் வாக்குப் போட்டிருக்க வேண்டும்.

சபை திருகோணமலையில். கூட்டம் உள்ள நாளில் சுபஹ் தொழுதுவிட்டு வேனில் ஏறினால் வாகரை தாண்டும் வரை நித்திரை. அங்கே மற்றவர்கள் அதிகாரப் பகிர்வு, ஆளுநர், மத்திய அரசு என்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசுவார்கள். நான் எழும்பினால் பெட்ஷீட்தான். முதல் தரம் பேசியபோது ஒருவர் சிரித்தார், இரண்டு பேர் போனைப் பார்த்தார்கள். இரண்டாம் தரமும் அதையே பேசினேன். மூன்றாம் தரம் ஒரு பெட்ஷீட்டையே கொண்டுபோய், "இதுக்குப் பின்னால ஒங்கட மகள் படுப்பாவா?" என்று கேட்டேன். சிரித்தவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அந்த வருடம் நிதி ஒதுக்கினார்கள். ஒரு நிபந்தனை: காணியை ஊர் தர வேண்டும், வருடம் முடிவதற்குள் உறுதிப் பத்திரம் எழுதிக் கைமாற வேண்டும். இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும்.

கடலடியில் சும்மா கிடந்த ஒரே நல்ல வளவு ஒரு ஹாஜியாருடைய வீட்டுக்குப் பக்கத்து வளவு. அரிசி வியாபாரம் செய்பவர், கையும் வாயும் பெரிய மனிதர். நானும் பள்ளிவாசல் நிர்வாகத்தாரும் போனோம். முன் ஹோலில் உட்கார வைத்தார்கள், குளிர்பானம் வந்தது, கேக் வந்தது. கேட்டு வாய் மூடுமுன்னே ஓம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், "எண்ட வளவத் தாறன்" என்று அவரே எழும்பி அறிவித்தார். ஊரே துஆ செய்தது. நான் சந்தோஷத்தில் அடிக்கல்லுக்கான கல்லை வெட்டக்கூடக் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து நில அளவையாளர் நாடாவோடு போனார். ஹாஜியாரின் மனைவி வளவின் நடுவில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். "ஆர் தந்த வளவு?" என்று ஒரே ஒரு கேள்விதான். அளவையாளர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் கிழக்குக் கரையில் வீடு வளவெல்லாம் பெண் வழி. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். அந்த வளவும் ஹாஜியாருடையது இல்லை. மனைவிக்கு அவரைப் பெற்ற உம்மா எழுதிக் கொடுத்தது. அதில் நாலாவது மகளுக்கு வீடு கட்ட இருந்தார்கள், மாப்பிள்ளையும் பேசியாகிவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நாலு மகள்மாரையும் பிறந்த கிழமையிலிருந்து பார்த்தவள் நான். தெரிந்திருந்தும் ஹாஜியாரிடம் போய்க் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னட்ட வந்து கேட்டதுக்கு அந்த நாலு பேரையும் ஒரு மாசமா ஏசினாய். இப்ப நீ ஆர்ட்டப் போய்க் கேட்டிரிக்காய்?"

வெட்கமாக இருந்தது. மருத்துவமாதுவாக இருந்த காலத்தில் நான் எந்த வீட்டுக்கும் முன்னால் போனதே இல்லை. வேலிப் பக்கத்தால் போய் நேரே குசினிக்குள், அடுப்படிக்குத்தான் போவேன். கதை எல்லாம் அங்கேதான் இருக்கும், உண்மையும் அங்கேதான். மெம்பர் ஆனதும் முன் ஹோலில் உட்கார்ந்து கேக் சாப்பிடப் பழகிவிட்டேன். வருடம் முடிய இரண்டு மாதம் இருந்தது.

அடுத்த நாள் காலை, வேனை எடுக்காமல், என் பழைய பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனேன். குசினிக் கதவு திறந்திருந்தது. ஹாஜியாரின் மனைவி, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர், அம்மியடியில் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட. நிமிர்ந்து பார்த்தார், இருங்க என்று சொல்லவில்லை.

"இண்டைக்கு ஆரு வந்திரிக்கி? மிஸ்ஸா, மெம்பரா?"

"பிழை செஞ்சவ வந்திரிக்கன் ராத்தா," என்றேன். "ஒங்களட்டக் கேக்காம ஹாஜியார்ட்டக் கேட்டது எண்ட பிழைதான்."

அவர் குழவியை மறுபடியும் உருட்டினார். அப்போதுதான் அவருடைய காலைக் கண்டேன். பெருவிரலில் புண், மேலே பழைய சீலைத்துண்டு சுற்றியிருந்தது. வளவு, கட்டடம், நிதி எல்லாம் மறந்துபோயிற்று. "இது எத்தின நாளா இப்பிடி இரிக்கி? சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுறீங்களா?" என்று சத்தம் போட ஆரம்பித்தேன். புண்ணைக் கழுவி மருந்து கட்டினேன். கட்டி முடியும் வரை ஏசினேன். ராத்தா சிரித்துவிட்டார்.

"மெம்பரானதுக்குப் பொறகு மூணு தரம் இந்த ஊட்டுக்கு வந்தீங்க மிஸ். அங்கால ஹோலுக்க ஒங்கட சத்தம் கேக்கும். ஒரு தரம் சரி இங்கால எட்டிப் பாக்கல்ல. அதுதான் எனக்குக் கோவம். வளவு இல்ல."

அன்றைக்கு நான் வளவைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்க் கால் கட்டினேன். நாலாம் தரம் போனபோது ராத்தாதான் அந்தப் பேச்சை எடுத்தார். மகளுக்குச் சொன்ன வளவைக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது அவருக்குப் பெரிய யோசனை. மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள்.

"எனக்குத் தனி ஊடு என்னத்துக்கும்மா? இந்த ஊட்டுக்கு மேல மாடி எடுத்துத் தாங்க. அவருட்ட நான் கதைச்சிட்டன், ஓம் எண்டுட்டார்."

"கலியாணத்துக்கு முன்னமே கதைச்சிட்டியா?" என்று ராத்தா கேட்டார்.

"போனிலதான்," என்றாள் மகள். வெங்காயத்தை விட முகம் சிவந்திருந்தது. ராத்தா அவளை முறைத்தார், என்னைப் பார்த்தார், பிறகு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் ஹாஜியாரே முன் ஹோலில் இருந்து எட்டிப் பார்த்தார்.

ராத்தா ஒரு நிபந்தனை போட்டார். பிளானில் வீதிப் பக்கம் ஒரே ஒரு வாசல்தான் இருந்தது, அதற்கு முன்னால் தேத்தண்ணிக் கடை. "அந்த ஆம்புளயள்ற கண்ணுக்கு முன்னால வயித்தத் தள்ளிக்கிட்டு ஆரு உள்ளுக்குப் போவா? பின்னால சின்னத் தெரு, அந்த ஒழுங்கைப் பக்கம் ஒரு கதவு வைங்க." பொறியியலாளர் முணுமுணுத்தார், வைத்தார். நொத்தாரிசு வீட்டில் உறுதி எழுதிய அன்று ராத்தா கையெழுத்துப் போட்டார். ஹாஜியார் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார், மூக்குக்கண்ணாடியை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு.

திறப்பு விழாவுக்கு மாகாண அமைச்சர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. காலை ஒன்பது மணி என்றார்கள். முன் வாசலில் சிவப்பு ரிபன், பந்தல், கதிரைகள், தட்டில் கத்தரிக்கோல். பத்து மணியாயிற்று, பத்தரையாயிற்று, ஆளைக் காணவில்லை. வெயில் ஏறியது. ஒழுங்கைப் பக்கம் கர்ப்பிணிகள் கார்டை விசிறியாக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி மதிலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். அதைக் கண்டதும் ராத்தா என்னிடம் வந்தார். "மிஸ், அந்தக் கதவுல ரிபன் இல்லதானே?" என்றார்.

இல்லை. நான் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஐந்து நிமிடத்தில் கிளினிக் நிறைந்துவிட்டது. மருத்துவமாது இருவர் போதாமல் நானும் புதுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அளவு நாடாவை எடுத்தேன். அறைக்குள் ஒருத்தியைப் படுக்க வைத்துக் கதவைப் பூட்டினேன். சீலை இல்லை, பிடிக்க ஆள் இல்லை, காற்று இல்லை. எத்தனை வருட ஆசை! கண் கலங்கியது, நாடாவில் இலக்கம் தெரியவில்லை. படுத்திருந்தவள் பயந்துபோய், "புள்ளைக்கு ஏதும் பிழையா மிஸ்?" என்று கேட்டாள். "புள்ள நல்லா இரிக்கி, மிஸ்ஸுக்குத்தான் பைத்தியம்," என்றேன்.

அப்போதுதான் வெளியில் வாகனச் சத்தமும் கைதட்டலும் கேட்டன. அமைச்சர் ரிபனை வெட்டி, முன் கதவைத் தள்ளியிருக்கிறார். கதவுக்கு உள்ளே கதிரை போட்டு ராத்தா உட்கார்ந்திருந்தார்.

"உள்ளுக்குப் பொம்பிளயளப் பாத்துக்கிட்டு இரிக்காங்க மகன். கொஞ்சம் வெளிய இரிங்க."

"நீங்க ஆரும்மா?" என்று அமைச்சர் கேட்டது அறைக்குள் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் அரசியல் இந்த வாசலோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பதில் சொன்னது ஹாஜியார். ஜும்ஆவில் எழும்பி நின்று அறிவித்த அதே குரல்தான்.

"வளவு அவடதான் சேர். அவ இரிக்கச் சொன்னா நாம இரிக்கத்தான் வேணும்."

உள்ளே இருந்த பெண்களெல்லாம் ஒன்றாகச் சிரித்தார்கள். படுத்திருந்தவளுடைய வயிறும் சேர்ந்து குலுங்கியது. நான் அளவை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தேன்.