நடுவட்டத்தில் பத்திரி சுட்டது

பைக்காராவில் மின்சாரத்துக்காக மலைச்சரிவில் குழாய் இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் நான் அங்கே கல் சுமந்தேன். ஒரு கல் காலில் விழுந்தது. நொண்டுகிறவனுக்குக் கூலி கிடையாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டதால், கூடலூர்ப் பக்கம் ஏதாவது கிடைக்குமா பார்க்கலாம் என்று ரோட்டைப் பிடித்து நடந்தேன். நடுவட்டத்தில் மழை வந்தது. ஒதுங்கிய இடம் ஒரு ராவுத்தரின் சாயாக்கடை. மழை விட்டதும் கிளம்புவதாகத்தான் எண்ணம். அந்த ஊரில் மழை எப்போது விட்டது, எப்போது பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டேன்.

விறகு பிளப்பது, தண்ணீர் தூக்குவது, காற்றில் பெயர்ந்த கூரைத் தகரத்தைத் திரும்ப அடிப்பது எல்லாம் என் வேலை. மூன்று வேளை சாப்பாடு, அடுப்போரம் படுக்க இடம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு ஒரு தச்சனிடம் கொஞ்ச நாள் இழைப்புளி தள்ளினேன், குன்னூரில் ஒரு டீ ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடித்தேன். எதிலும் நிலைத்ததில்லை.

ராவுத்தர் பெரிய உடம்புக்காரர். கடைப் பெஞ்சியில் அவர் உட்கார்ந்தால் மறுமுனையில் இருப்பவன் சாயாக் கிளாஸைப் பிடித்துக்கொள்வான். முதல் மனைவி காய்ச்சலில் இறந்து பல வருஷம் தனியாக இருந்தவர், நான் போவதற்கு ஒரு மாதம் முன்புதான் மலைக்குக் கீழே நிலம்பூர்ப் பக்கத்தில் பெண் எடுத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு மிஞ்சினால் இருபது வயது இருக்கும். சமையலறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு சாக்குத் திரை தொங்கியது. ஆரம்பத்தில் அதற்குப் பின்னாலிருந்து இருமல் சத்தம் மட்டும் வரும். விறகுக் கொட்டகை ஒழுக ஆரம்பித்து, விறகையும் என்னையும் சமையலறைக்குள்ளேயே கொண்டுவந்து வைக்க வேண்டியதானபோது திரைக்கு வேலை இல்லாமல் போயிற்று. தட்டம் என்கிற முக்காட்டுத் துணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் என்னை அண்ணன் முறை வைத்து "ஏட்டா" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அவளுக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. குளிரில் விரல் வெடித்தது. போட்ட துணி மூன்று நாளைக்குக் காயவில்லை. ஊரில் தினமும் சாப்பிட்டுப் பழகிய பத்திரி இங்கே வரவே இல்லை.

பத்திரி என்பது அரிசி மாவு ரொட்டி. மாவை லேசாக வறுத்து, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் கொட்டிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே பிசைந்து, வெற்றிலை போல மெல்லிசாகத் தேய்த்து, எண்ணெய் தொடாமல் வெறும் சட்டியில் சுட வேண்டும். ஒரு புள்ளி கூடக் கருகாமல் வெள்ளையாக உப்பி வந்தால்தான் பத்திரி. அவள் ஊரில் அது சாதாரணம். நடுவட்டத்தில் முதல் இரண்டு உருண்டையைத் தேய்ப்பதற்குள் மிச்ச மாவு ஆறி விறைத்துவிடும். குழவியை வைத்தால் ஓரமெல்லாம் வெடிக்கும். கடையில் இருந்த தோசைக்கல் வருஷக்கணக்காக எண்ணெய் குடித்தது, அதில் போட்டால் பழுப்புப் பழுப்பாகப் புள்ளி விழும். எரிப்பதற்கு நான் பிளந்து போட்டதெல்லாம் தைலம் எடுக்கிற கற்பூர மரம். அந்தப் புகையில் வெந்த பத்திரியைக் கடித்தால் தைலம் தடவின மாதிரி இருக்கும்.

"ஜலதோஷத்துக்கு நல்லதுங்க" என்றேன் ஒரு நாள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"அப்போ நீங்க மூக்கில தேச்சுக்கோ ஏட்டா" என்றாள்.

ஒரு மத்தியானம் ராவுத்தர் விறகுக் குவியலுக்குப் பின்னால் வந்து என் பக்கத்தில் குந்தினார். அவர் அப்படி வந்தால் யாரும் கேட்கக்கூடாத விஷயம் என்று அர்த்தம்.

"நோம்புப் பெருநா கழிச்சு அவ அண்ணனுக ரெண்டு பேரும் ஊடு பாக்க வர்றாங்க" என்றார். "நிக்காஹ் அன்னைக்கே பெரியவன் சபையில சொல்லிட்டான். தங்கச்சிய குளிருக்கு அனுப்பறோம், வந்து பார்ப்போம், முகம் வாடியிருந்தா அதே மோட்டார்ல கூட்டீட்டுப் போயிருவோம்னு."

"வாடித்தானுங்க இருக்குது" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? நேத்து அவளே சொல்லிட்டா. அண்ணன் வந்தா கூடப் போறேன்னு." ஒரு விறகுச் சிராயை எடுத்து ஒடித்தார். "ஆனா வர்றவங்களுக்குப் பத்திரி வெக்காம அனுப்பமாட்டாளாம். அவங்க ஊர்ல ஊடு பாக்க வந்தவங்களுக்கு அது இல்லாட்டி, பொண்ணுக்கு அடுப்படியில அதிகாரமே இல்லைன்னு ஆயிருமாம். என்னைய உட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி என்ற மானத்தக் காப்பாத்தீட்டுப் போறாளாம். எப்புடி?"

"நல்ல மனசுங்க."

"ஆமா, நல்ல மனசு" என்று சொல்லி எழுந்து போனார். முழங்கால் இரண்டும் சொடக்குப் போட்டன.

அதற்குப் பிறகு எங்கள் மூவருக்கும் பத்திரிதான் பேச்சு. கரிக்காரனிடம் சொல்லி ஒரு மூட்டை கரி வாங்கினார் ராவுத்தர். கூடலூர்ச் சந்தையிலிருந்து எண்ணெய் படாத மண் சட்டி ஒன்று வந்தது. வருகிற வழியில் மோட்டாரில் உடைந்து, இன்னொன்று வந்தது. தைல வாசனையும் போயிற்று, பழுப்புப் புள்ளியும் போயிற்று. வெடிப்பு மட்டும் போகவில்லை. மாவைச் சுடச்சுட வைக்க அவள் துணியில் சுற்றிப் பார்த்தாள். ராவுத்தர் அதைத் தன் கம்பளிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு சாயா ஆற்றினார். "என்னங்க ராவுத்தரே, மாசமா இருக்கறீங்களா?" என்று ஒரு வண்டிக்காரன் கேட்டான். மாவு சூடாகத்தான் இருந்தது, தேய்க்கிற நேரத்தில் ஆறியது.

கடைக்கதவின் கீல் பக்கத்து இடுக்கில் காற்றடித்து என் விரல் நசுங்கிய அன்றுதான் எனக்கு யோசனை வந்தது. நகம் பிறகு விழுந்துவிட்டது. விரல் தட்டையாகிக் கிடந்ததைப் பார்த்ததும், தேய்ப்பதற்குப் பதில் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து ஒரே அமுக்காக அமுக்கினால் என்ன என்று தோன்றியது. ஒரு பலகைக்கு மேல் இன்னொன்று, ஒரு பக்கம் கீல், மறுபக்கம் பிடி. மாவு ஆற நேரமே இருக்காது.

தேயிலைப் பெட்டிப் பலகையில் முதலில் செய்தேன். அது மெல்லிசு, அமுக்கினதும் வில்லாக வளைந்தது. அடுத்து ஒரு பழைய கதவுச் சட்டத்தை அறுத்து, பாக்குமட்டை அளவில் இரண்டு பலகை இழைத்தேன். இது வளையவில்லை. ஆனால் மாவு கீல் பக்கம் மெல்லிசாகவும் பிடிப் பக்கம் தடிப்பாகவும் வந்தது. கீலுக்கு அடியில் கனமான அட்டையை மடித்து வைத்தேன். அப்படியும் கொஞ்சம் கோணியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அமுக்கினதை அரைவட்டம் திருப்பி வைத்து இன்னொரு முறை அமுக்கினாள். சரியாகிவிட்டது.

மிச்சமிருந்தது ஒட்டுவது. பலகையில் ஒட்டிய மாவை உரித்தால் கிழிந்தது. வாழையிலை வைக்கலாம் என்றால் அந்தக் குளிரில் வாழை ஏது? நான் குன்னூரில் வேலை பார்த்தவன் இல்லையா, தேயிலைப் பெட்டிக்கு உள்ளே விரிக்கும் ஈயக் காகிதம் ஞாபகம் வந்தது. வழவழவென்று பளபளக்கும். பக்கத்து எஸ்டேட்டில் தெரிந்தவனிடம் கேட்டு ஒரு தாள் வாங்கி வந்து இரண்டு பலகையிலும் ஒட்டினேன். மாவு ஒட்டவே இல்லை. அழகாக வட்டமாக உரிந்து வந்தது. வெந்தபோது எல்லாம் சாம்பல் நிறம்.

அவள் ஒன்றைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏட்டா, இது பத்திரியா, நடுவட்டத்து ஆகாசமா?"

ராவுத்தர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். "துப்புங்க, துப்புங்க!" என்று நான் கத்தினேன். ஈயம் உடம்புக்கு ஆகாது என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்தோம். கோழிக்குக் கூடப் போடவில்லை. பிறகு கூடலூரிலிருந்து காய்கறி ஏற்றி வரும் மோட்டாரில் வாழையிலை வரவழைத்து, தணலில் வாட்டி இரண்டு பக்கமும் வைத்தோம். அன்றைக்கு முதல் பத்திரி வெள்ளையாக உப்பி எழுந்தது. அவள் அதை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை எனக்கும் ஒரு பாதியை ராவுத்தருக்கும் கொடுத்தாள். தனக்கு அடுத்ததைச் சுட்டுக்கொண்டாள். போகிறேன் என்பதை மட்டும் அவள் மாற்றிச் சொல்லவில்லை.

அண்ணன்மார் வந்த அன்று எதிரில் இருக்கிற மரம் தெரியாத மஞ்சுப் பனி. மோட்டாரிலிருந்து இறங்கிய இருவரும் ஈர வேட்டியோடு கடை வாசலில் நின்று, சுற்றிலும் ஒன்றும் தெரியாத வெள்ளையைப் பார்த்தார்கள். காட்டில் மரம் வெட்டும் கூப்பில் வேலை செய்கிறவர்கள், வாட்டசாட்டமான ஆட்கள். பெரியவர் அதிகம் பேசாதவர். சின்னவர் பல் தந்தியடிக்க, "எந்தொரு தணுப்பு!" என்று மட்டும் சொன்னார். சாயா கொடுத்து உட்கார வைத்தோம். தங்கையைப் பார்த்ததும் பெரியவரின் பார்வை அவள் வெடித்த விரல்களில் போய் நின்றது. கேட்க வேண்டியதைச் சாப்பிட்ட பிறகு கேட்கலாம் என்று இருந்திருப்பார் போல.

சமையலறையில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் சூட்டு மாவைப் பிசைந்து உருட்டினாள். நான் கரியை ஊதினேன். பலகையை அமுக்கும் வேலையைத் தானே செய்வதாக ராவுத்தர் வந்து நின்றார். மச்சான்மார் காதில் விழட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, முழு பலத்தையும் கொடுத்து ஓர் அமுக்கு அமுக்கினார். கீல் பலகையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. திருகாணி தெறித்துக் கறிச்சட்டியில் விழுந்தது.

மாவு ஆறிக்கொண்டிருந்தது. நான் திருகாணியைக் கறிச்சட்டியிலிருந்து எடுத்தேன். கீலைத் திரும்பப் பூட்ட நேரமில்லை. அவள் உருண்டையை இலைக்கு நடுவே வைத்து, மேல் பலகையைச் சும்மா மூடி, இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். பாதிதான் பரவியது. நிமிர்ந்து தன் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். பலகையின் மேல் ஒரு சுத்தமான சாக்கை மடித்துப் போட்டாள்.

"இரிக்கீ" என்றாள்.

"எங்கே?"

"இதிலே. இரிக்கீ, வேகம்!"

ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். அவர் கைலியை ஒழுங்கு பண்ணிக்கொண்டு மெல்லக் குனிந்து பலகை மேல் உட்கார்ந்தார்.

"எணீக்கீ" என்றாள். எழுந்தார். பலகையைத் தூக்கினால் பத்திரி, கோணல் இல்லாமல், ஓரம் வெடிக்காமல், நான் செய்த பலகை ஒரு நாளும் தராத வட்டத்தில் இருந்தது.

பிறகு நிறுத்தவில்லை. அவள் உருண்டை வைப்பாள், மூடுவாள், அவர் தொப்பென்று உட்காருவார், மூச்சு வாங்க எழுவார். "பதுக்கெ!" என்பாள், மெதுவாக என்று. "பதுக்கவா உக்கார்றதுக்கு எனக்கு எங்கெ உடம்பு இருக்குது?" என்பார். ஐந்தாறு முறைக்குப் பிறகு எழுந்திருக்க என் தோளைப் பிடித்தார். தலைத்தொப்பி காதுக்குச் சரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கினாள். அடுத்த முறை அவர் உட்கார்ந்தபோது கோழி முட்டையிட உட்காரும் தோரணையில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வேண்டுமென்றேதான் செய்தார். அவள் மாவுக் கையோடு சுவரில் சாய்ந்து, தட்டம் நழுவியதைக் கூட இழுக்காமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

தொப்புத் தொப்பென்ற சத்தம் என்ன என்று பார்க்க அண்ணன்மார் திரையை விலக்கினார்கள். தங்கையின் புருஷன் தரையில் பலகை மேல் உட்கார்ந்திருக்கிறார். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"மோளே, எந்தா இது?" என்றார் பெரியவர்.

"இக்காக்கா, அங்கோட்டு போய் இரிக்கீ" என்றாள், மூச்சுக்கு நடுவே. "மாவு ஆறிப்போவும். சம்சாரம் பின்னெ."

பேச்செல்லாம் பிறகு என்று தங்கை துரத்தியதில் அவர் கோபப்படவில்லை. திரையை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்தும் சின்னவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

தேங்காய்ப்பால் தெளித்து அடுக்கிய பத்திரியும் கறியும் அவர்கள் முன்னால் வைத்தோம். பெரியவர் ஒன்றை விரலால் தடவி, தூக்கிப் பார்த்து, மடித்து வாயில் வைத்தார். அடுத்ததற்குக் கை நீட்டினார். ராவுத்தர் மட்டும் தூணில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டார்.

"இரிக்கு அளியா" என்றார் சின்னவர், மச்சானுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டு.

"இன்னைக்கு உக்காந்தது போதுமுங்க" என்றார் ராவுத்தர்.

சாயங்கால மோட்டார் கூடலூருக்குக் கிளம்பும் நேரம் பெரியவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். மடியிலிருந்து பொட்டலம் எடுத்து, விரல் வெடிப்புக்குப் போடச் சொல்லி ஏதோ மருந்துக் களிம்பைக் கொடுத்தார். நான் வெளியே போகலாம் என்று எழுந்தேன். அதற்குள் கேட்டுவிட்டார், வருகிறாயா என்று. மெதுவாகத்தான் கேட்டார்.

அவள் களிம்பை முகர்ந்து பார்த்தாள். "உம்மாகிட்ட எனக்குச் சுகம்னு சொல்லீ" என்றாள். "இந்தக் குளிரு எனக்கு வேண்டா. ஆனா அவரெ விட்டுட்டு இப்போ வரமாட்டேன்."

பெரியவர் தலையை ஆட்டினார். வெளியே ராவுத்தர் மோட்டாரில் அவர்கள் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பேசியது அவருக்குக் கேட்டிருக்காது. மோட்டார் கிளம்பும் வரை அதன் பின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். இருவர் மட்டும் ஏறினார்கள். அது மஞ்சுக்குள் போய்ச் சத்தமும் அடங்கிய பிறகு மெல்ல உள்ளே வந்து, அடுப்பு முன்னால் நின்று, "போகலையா?" என்று கேட்டார்.

"மிச்ச மாவு உண்டு" என்றாள் அவள். "நீங்க குப்புறப் படுத்துக்கீ. இனி பலகையிலே ஏட்டன் இரிக்கட்டும்."