ஜெராக்ஸ் ஆடாத இறுதி ஆட்டம்

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஜெராக்ஸ் என்றால்தான் திரும்புவான். அடுத்து எந்த அணியோடு மோதல் என்றாலும் அந்த அணியின் சூரப்புலியைப் போலப் பயிற்சியில் ஆடிக் காட்டுவது அவன் வேலை. அந்த ஆளின் வீடியோவைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். மறுநாள் அச்சு அசலாக அவனாகவே வந்து நிற்பான். மற்றவர்கள் அவனைத் தடுத்துத் தடுத்துப் பழகுவார்கள். ஆட்டத்தன்று பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து துண்டு எடுத்துக் கொடுப்பான். உப்புக்குச் சப்பாணிதான், வேறென்ன. படிப்பே முடியப்போகிறது, ஒரு ஆட்டத்தில்கூட அவன் களத்தில் இறங்கியதில்லை.

அம்மாவுக்கு பிரெட் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஆட்டம் முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், "இந்த வாட்டியாவது இறங்கினியா?" என்பாள்.

"அடுத்த வாட்டிம்மா."

"உன் அடுத்த வாட்டிக்கு ஒரு அளவே இல்லையாடா?"

அந்த வருடம் அணி எப்படியோ தட்டுத்தடுமாறி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. கோச் அவன் தோளில் கை போட்டு, "கடைசி வருஷம்டா உனக்கு. ஃபைனல்ல கண்டிப்பா இறக்குறேன்" என்றார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிவிட்டாள்.

இறுதி ஆட்டத்தில் மோதவேண்டிய அணியில் நெட்டையன் ஒருவன். இடதுகைக்காரன். பின்பக்கமாகச் சாய்ந்து குதித்துப் பந்தை எறிவான். தடுக்கப் போனவன் கை காற்றில் நிற்கும். ஜெராக்ஸ் வலதுகைக்காரன். சாப்பாட்டைத் தவிர எல்லாவற்றுக்கும் இடது கையைப் பழக்கினான். அந்த வாரப் பயிற்சியில் அவன் எறிந்ததெல்லாம் கூடைக்குள் விழுந்தது. அவனைத் தடுக்க நின்ற கேப்டன் திண்டாடிப் போனான். இருவரும் முதல் வருடத்திலிருந்து ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அன்று ஜெராக்ஸுக்கு இருந்த சந்தோஷம் அதற்கு முன் இருந்ததில்லை.

கோச்சுக்குப் பொறுக்கவில்லை. "பொம்மை மாதிரி நிக்கிறியே! அவன் குதிச்சா, காலை ஊன்றுற இடத்துல போய் நில்லு. ஒரு தடவை விழுந்தான்னா அப்புறம் குதிக்க மாட்டான்."

"சார், இவன் நம்ம பையன்..."

"இப்ப அவன் நெட்டையன். போ!"

கேப்டன் போய் நின்றான். குதித்த ஜெராக்ஸ் அவன் பாதத்தின் மேல் இறங்கினான். முட்டி திரும்பிய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"நடக்கலாம். குதிக்கிறதை மறந்துடுங்க" என்றார் டாக்டர். கோச் ஆஸ்பத்திரிக்கு வந்து, "உன் நேரம் சரியில்லடா" என்று பழியை நேரத்தின் தலையில் கட்டிவிட்டுப் போனார். போட்ட லீவை அம்மா திருப்பவில்லை. ஊன்றுகோலோடு வந்த மகனுக்குப் பக்கத்தில், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தாள்.

நெட்டையன் குதிக்கும்போதெல்லாம் கேப்டன் கிட்டே போவான். நெட்டையன் கால் தரைக்கு வரும் நேரத்தில் சட்டென்று பின்வாங்குவான். பந்து கூடைக்குள் விழும். மறுபடியும் அதே கதை.

"ஏன்டா அந்தப் பையன் ஒதுங்கி ஒதுங்கிப் போறான்?" என்றாள் அம்மா. அணி தோற்றது. அவ்வளவு பெரிய தோல்வி அந்த வருடத்தில் வேறு இல்லை.

எல்லோரும் கலைந்த பிறகு கேப்டன் வந்து அவன் காலடியில் உட்கார்ந்தான். அழுதான். "முடியலடா. அவன் குதிக்கிறப்பல்லாம் நீ விழுந்ததுதான் கண்ணுக்குள்ள வந்துச்சு. இன்னொருத்தனுக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னு..."

நல்ல மனசுதான். அழுகிற நண்பனைத் தட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஜெராக்ஸுக்கு வயிறு எரிந்தது. தன் முட்டி ஒரு கோப்பைக்காகப் போனது என்றாவது மனதைத் தேற்றி வைத்திருந்தான். இப்போது அதுவும் இல்லை.

"அவனுக்குப் பாவம் பார்த்தியே," என்றான். "எனக்கு ஏன்டா பார்க்கல?"