கும்பினி சிப்பாயின் பூட்ஸ்

புதுத் தோலும் விளக்கெண்ணெயும் கலந்த ஒரு வாடை கன்னிவாடிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குள் ஒரு வாரம் குடியிருந்தது. சினிமாக்காரர்கள் அப்பாவுக்குக் கொடுத்த பூட்ஸின் வாடை அது; டயர் செருப்பைத் தவிர வேறெதையும் அறியாத காலை அதற்குள் நுழைப்பதற்காக அம்மா தினமும் எண்ணெய் தடவி இளக்கிக்கொண்டிருந்தாள். அப்பா அதை மாட்டிக்கொண்டு கத்தரித் தோட்டத்து வரப்பில் "லெப்ட் ரைட்" பழகியபோது, தண்ணீர் பாய்ச்ச வந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போது ஐம்பதுகளின் கடைசி. "கும்பினி" என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் நம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி, ஏழைகளுக்கு மருந்து கொடுத்து, வரிக் கொடுமையைத் தட்டிக்கேட்ட ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் கதையைப் படமாக எடுக்க வந்திருந்தார்கள். திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் "சூட்டிங்கு". பாதிரியாராக நடித்த சென்னை நடிகர், நம் வெயிலில் பவுடர் உருகி, மத்தியானத்துக்குள் பாதி வெள்ளைக்காரராகத்தான் மிஞ்சுவார். சிப்பாய்களுக்கு எங்கள் ஊர் ஆட்களையே பிடித்தார்கள். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பெரும்பாலோர் நம் ஆட்கள்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது; கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அப்பாவை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். மாதா சப்பரத்தோடு பாதிரியார் வரும்போது துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி மறிக்க வேண்டும், முகம் திரை முழுக்க வரும் என்று டைரக்டர் சொல்ல, ஒட்டன்சத்திரம் சந்தைவரை அப்பா அதைப் பரப்பிவிட்டார்.

படத்துக்காகச் செய்த பொருள்களுக்கு நடுவே அந்தச் சப்பரம் மட்டும் நிஜம். பக்கத்து ஊர் மாதா கோயிலில் இரவல் வாங்கியது. மணியடித்துக்கொண்டு அது திருப்பத்தில் தெரிந்ததும் அப்பா துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டார். எதிரே சாமி வந்தால், அது எந்தச் சாமியானாலும், காலில் இருப்பதைக் கழற்றிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். பூட்ஸோ கழலுவேனா என்றது. அவர் நடுரோட்டில் உட்கார்ந்து இழுக்க, பின்னால் நின்ற பட்டாளமும் ஒவ்வொருவராகக் குனிந்தது.

"யோவ், நீ கும்பினி சிப்பாய்யா!" என்று டைரக்டர் கத்தினார்.

"இருக்கட்டுங்க. சாமி வருதுல்ல?" என்றார் அப்பா, பூட்ஸை விடாமல்.

அடுத்த தடவை ஒரு ஸ்டன்ட்காரரை முன்னால் நிறுத்தி எடுத்தார்கள். அப்பா வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்து, "அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லித் தொலைச்சிட்டேனே" என்று புலம்பினார்.

"மூஞ்சி வராட்டிப் போகுது. மாதாவ மறிச்சிட்டு வந்திருந்தீகன்னா இன்னிக்குச் சோறு கிடையாது" என்றாள் அம்மா.

மறு வருஷம் படம் எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. சொந்தபந்தமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்க, அப்பா கடைசியில் மணலில் பதுங்கி உட்கார்ந்தார். சப்பரம் வந்தது, ஸ்டன்ட்காரர் மறித்தார். நான் திரும்பி அப்பாவைத் தேடினேன். அடுத்த நொடி திரை முழுக்க அப்பா! உட்கார்ந்து பூட்ஸை இழுக்கிறார். பின்னால் பட்டாளமே குனிகிறது. அதைப் பார்த்த வெள்ளைக்கார அதிகாரி குதிரையைத் திருப்பிக்கொண்டு போகிறான். திட்டிய டைரக்டர் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்திருக்கிறார். "ஏலே, நம்ம கருப்பணன்டா!" என்று கொட்டகையே கத்தியது. அன்றைக்கு வந்த சந்தோஷம் பிறகு என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வரவில்லை.

அப்பா மட்டும் எழுந்து நின்று, "செத்த சும்மா இருங்கப்பா, பூட்ஸு கழலுதான்னு பாப்போம்" என்றார். கழலுவதற்குள் காட்சி மாறிவிட்டது.

கொட்டகை இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். அப்பாவும் இல்லை, படத்தின் பிரதியும் எங்கேயும் இல்லை என்று படக் கம்பெனிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். போன வருஷம் பக்கத்து ஊர்ச் சப்பரம் எங்கள் தெரு வழியாக வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தேயிராத என் பேரன் பைக்கை நிறுத்திவிட்டு, ரோட்டோரத்தில் உட்கார்ந்து, இறுக்கமான ஷூவை இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டும் கழலும்வரை பார்த்துவிட்டுத்தான் நான் மாதாவின் பக்கம் திரும்பினேன்.