வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு மட்டை

டென்னிஸில் பிழைக்கிறவர்கள் ஆடுகிறவர்கள் இல்லை. புல் வெட்டுகிறவன், சுண்ணாம்புக் கோடு போடுகிறவன், பந்து பொறுக்குகிறவன், மட்டைக்கு இழை கட்டும் மிஸ்திரி, இத்தனைக்கும் பில் எழுதும் குமாஸ்தா என்று ஒரு கூட்டமே அதை நம்பி இருந்தது. என் கணவர் அந்தக் குமாஸ்தா. தர்மதலாப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. அதற்கு முன்னால் நாலு மாதம் வேலையே இல்லை. காளிகாட்டில் ஒற்றை அறையில், மூன்று வயதுப் பெண்ணுக்குக் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனேன். அந்த நாலு மாதத்தை இன்னொரு தடவை தாங்க எனக்குத் தெம்பில்லை.

கல்கத்தா மழையில் மட்டைகளின் இழை தொய்ந்து அறுந்துவிடும். மழை விட்டதும் துரைமார் ஆடக் கிளம்புவார்கள், எல்லா மட்டையும் ஒரேயடியாகக் கடைக்கு வரும். அந்த வருஷம் பார்த்து மிஸ்திரி ஜுரத்தோடு ஊருக்குப் போய்விட்டான். டாலிகஞ்ச் பக்கத்துக் கிளப் ஒன்றுக்கு வெள்ளிக்கிழமை காலை பன்னிரண்டு மட்டை போயாக வேண்டும், இல்லாவிட்டால் கடைக்கு இத்தனை பேர் எதற்கு என்று பெரியபாபு கேட்டாராம். பெரியபாபுதான் மானேஜர். அவர் யாரைப் பார்த்துக் கேட்டார் என்பது இவருக்குப் புரிந்துவிட்டது. நானே கட்டித் தருகிறேன் என்று சொல்லி, மட்டைகளை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்.

இவருக்குச் சுவரில் ஓர் ஆணி அடிக்கத் தெரியாது.

"நீ வீணை வாசிச்சவ. மிஸ்திரி தட்டிப் பாத்து, சத்தத்தைக் கேட்டுத்தான் இழுப்பான். உனக்கு வரும்" என்றார்.

"என்ன இழை இது?"

"சீமை நார்."

நம்பினேன். மட்டையைக் காலால் அழுத்திக்கொண்டு, இழையைக் கட்டையில் சுற்றி இழுத்து, அது நழுவாமல் துளையில் குத்தூசியைச் செருக வேண்டும். முதல் மட்டைக்கு ஒரு பகல் முழுக்கப் போயிற்று. உள்ளங்கை கிழிந்தது. ஆனால் சுருதி காதில் ஏறிவிட்டது. இழை துளையில் சுலபமாக நுழைவதற்காக, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ஒவ்வொரு தடவையும் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தினேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஐந்து மட்டை முடிந்திருந்தது. அன்று மத்தியானம் கீழ்வீட்டுப் பூனை வந்து வெட்டிப்போட்ட துண்டுகளை ஆசையாகக் கடித்து இழுத்தது. நாரைத் தின்னும் பூனையை நான் கண்டதில்லை. பூனையைத் தேடி மாடியேறி வந்த கீழ்வீட்டு பௌதியிடம், அண்ணியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதைச் சொன்னேன். அவள் ஒரு துண்டை எடுத்து முகர்ந்துவிட்டுச் சிரித்தாள். ஆட்டுக் குடல்தானே, அதைப் பூனை விடுமா என்றாள் வங்காளியில்.

அவள் போனபிறகு குடம் காலியாகும்வரை வாய் கொப்பளித்தேன். எத்தனை கொப்பளித்து என்ன? ஐந்து மட்டையின் இழை இந்த வாய்க்குள் போய் வந்திருக்கிறது. வியாழக்கிழமை மாமனாரின் திதி. இந்தக் கையால்தான் மடியாகச் சமைக்க வேண்டும்.

இவரிடம் சொன்னால் மட்டைகளை அப்போதே திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார், வேலையும் போகும் என்று நினைத்தேன். சொல்லாமல் சமைத்தால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டு கரைப்பது? குழந்தை கஞ்சிக் கிண்ணத்தை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன், முடிவு செய்தேன். சாயங்காலம் இவர் படியேறி வரும்போதே, "நான் தூரம்" என்றேன்.

அப்படியே நின்றார். பிறகு வந்த காலோடு திரும்பிப் படியிறங்கினார். வாத்தியாரிடம் போய், சமையல் இல்லாமல் அரிசியும் வாழைக்காயும் தானமாகக் கொடுத்துத் திதியை முடிக்க ஏற்பாடு செய்துவிட்டு வந்தார்.

மட்டைகளோடு வராந்தாவில் ஒதுங்கினேன். துரைமார் மட்டைக்கு ஏது தீட்டு? சமையல் இல்லை, அடுப்பு இல்லை, விடிந்ததிலிருந்து இழைதான். வாயில் வைப்பதை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டேன். குழந்தைதான் என்னை உருக்கிவிட்டாள். "அம்மா" என்று ஓடி வருவாள். "கிட்ட வராதே, தொடக்கூடாது" என்று விரட்டுவேன். பொய்யைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. அவள் அழுவாள், நான் இழையை இழுப்பேன்.

வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டாவது மட்டை முடிந்தது. உள்ளே திதியும் முடிந்து வாத்தியார் போய்விட்டார். இவர் தானே வடித்த சோற்றை இலையில் கொண்டுவந்து தள்ளி வைத்தார். வைத்தவர் போகாமல் நின்றார்.

"நீ குளிச்சுப் பத்து நாள்தானே ஆச்சு?" என்றார்.

நான் தலை குனிந்தேன்.

"இழை குடல்னு எப்போ தெரிஞ்சுது?"

"செவ்வாய்க்கிழமை. உங்களுக்கு?"

"கடையில சேந்த அன்னிக்கே."

நான் நுனியை வாயில் வைத்தபோதெல்லாம் இவர் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்டுவதற்கு வாய் வரவில்லை.

"சொன்னா நீ தொடமாட்டியேன்னு பயம். அப்பா திதிக்கு எப்படிச் சமைக்கச் சொல்லுவேன்னு தெரியாம தவிச்சேன். நீ தூரம்னு சொன்னதும்தான் மூச்சே வந்தது" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "திங்கக்கிழமை இன்னும் பன்னிரண்டு வரதாம்" என்றார்.

"கொண்டு வாங்கோ" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, கதவை விரியத் திறந்து, "போ, அம்மாகிட்டப் போ" என்று குழந்தையை அனுப்பினார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் நிலைப்படியிலேயே நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொடமாட்டேம்மா" என்றாள்.