ரெக்சினுக்கு எந்தப் பசை

வண்ணார்பேட்டையில் பழைய பிலிம் கேமரா பழுது பார்க்கிறவர் யார் என்று கேட்டால், பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே என் கடையைக் கைகாட்டி விடுவார்கள். காட்டத் தெரியவில்லை என்றால் அந்த ஆள் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப்பரீட்சைக்குப் போகவில்லை. ஒரு ஸ்டுடியோவில் பிலிம் கழுவத் தண்ணீர் சுமந்தவன், இன்றைக்குச் சொந்தக் கட்டடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். யார் தோளையும் பிடித்து ஏறவில்லை. இதை எழுத எனக்குக் கூச்சமும் இல்லை.

பிலிமுக்குக் காலம் முடிந்துவிட்டது என்று சொன்னவர்கள் என் மேஜையை வந்து பார்க்கட்டும். காலேஜ் பிள்ளைகள் வீட்டுப் பரணைக் கிளறி எதையாவது எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வருகிறது, பெங்களூரிலிருந்து வருகிறது. முக்கால்வாசிக் கேமராவுக்கு உள்ளே ஒரு கோளாறும் இருக்காது. வெளியே போர்த்தியிருக்கிற ரெக்சின்தான், தோல் மாதிரி இருக்குமே, அது சுருங்கி, மூலை தூக்கி, வெயிலில் காய்ந்த வாழைச்சருகு போலத் தொங்கும். அதை ஒட்டித் தரச் சொல்வார்கள். ஒட்டுவது என்ன பெரிய வேலை என்று நினைப்பீர்கள். எந்தப் பசை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி வேறு யாருக்கும் தோன்றாது. என் ஸ்கூட்டரின் முன் தகட்டில் ரெக்சின் துண்டுகளை வரிசையாக ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பசை. அப்படியே ஊரெல்லாம் ஓட்டித் திரிந்தேன். சித்திரை வெயில், ஐப்பசி மழை, ஜங்ஷன் புழுதி எல்லாவற்றையும் அவை பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். டீக்கடையில் நிறுத்தினால், "என்ன அண்ணாச்சி, வண்டிக்குச் சொறி புடிச்சிருக்கா?" என்பார்கள். சிரித்துக்கொள்வேன்.

தச்சர்கள் பலகைக்குப் போடும் வெள்ளைப் பசை முதல் மழையிலேயே பால் மாதிரிக் கரைந்து விழுந்தது. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வெயிலில் இளகி ஓரம் வழியாக ஊர்ந்து வெளியே வந்தது. சொட்டு விட்டால் நொடியில் பிடிக்கிற பசை இருக்கிறதே, அது கல்லாக இறுகி, மூலையைத் தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. அதோடு அதன் புகை கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். லென்சுக்கு அருகில் அதைத் திறப்பது பச்சைப்பிள்ளை முன்னால் மிளகாய் வறுப்பதற்குச் சமம். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப், சமதளத்தில் நல்ல பிள்ளையாக இருந்தது. வளைவு வந்ததும் கைவிட்டது. செருப்புக்கும் சீட்டுக்கும் பூசுகிற மஞ்சள் பசை மட்டும் கடைசி வரை அசையவில்லை.

அது அசையாததில் பெரிய சந்தோஷம் என் பக்கத்துக் கடை பாய்க்கு. மேலப்பாளையத்துக்காரர். ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் கவர் தைக்கிறார். அவர் கடையில் அந்த மஞ்சள் பசை டின் டின்னாக இருக்கும்.

"பாத்தீரா வே? யானையைக் கட்டி இழுத்தாலும் வராது."

"வரக்கூடாதுன்னு யாரு கேட்டா? உள்ளே ஸ்குரூ கழட்டணும்னா ரெக்சினை எடுக்கணும்லா? உம்ம பசையில ஒட்டினா கிழிச்சுத்தான் எடுக்கணும். இருக்கச் சொன்னா இருக்கணும், வான்னா வரணும். அதுதான் பசை."

"அப்படி ஒரு பசை எங்கன கெடைக்கும்? பொண்டாட்டி கூட அப்படிக் கெடைக்காது வே."

கிடைத்தது. டவுனில் மரச்சாமான் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்குகிற அரக்குச் செதில். அதை ஸ்பிரிட்டில் ஊறப் போட்டுத் தேன் பதத்துக்கு வந்ததும் தகட்டிலும் ரெக்சினிலும் மெல்லிசாகப் பூசி, கையில் லேசாக ஒட்டும்வரை காயவிட்டு அழுத்தினால் வளைவிலும் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீருக்கு மசியாது. எடுக்க வேண்டுமானால் ஓரத்தில் ஸ்பிரிட் காட்டினால் போதும், ஒரு சேதமும் இல்லாமல் கழன்று வரும். அந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்களே பல கேமராவுக்கு இதைத்தான் பூசியிருக்கிறார்கள் என்பது சுரண்டிப் பார்க்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் யாரும் சொல்லித் தராமல் நானாகத்தான் இதற்கு வந்து சேர்ந்தேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. தொழில் ரகசியம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

இந்தச் சமயத்தில்தான் பாளையங்கோட்டை டீச்சர் வந்தார். பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கையில் இரட்டைக் கண் கேமரா. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ், உச்சியில் மூடியைத் திறந்து குனிந்து பார்த்துப் படம் எடுக்கிற பெட்டி. ரெக்சின் சுற்றிலும் உரிந்திருந்தது. பின் கதவில் மட்டும் அது வெறும் அழகுக்கு இல்லை. முன்பு யாரோ ஒரு புண்ணியவான் வார் மாட்டுவதற்காக அங்கே இரண்டு துளை போட்டிருந்தான். அதை மூடி வெளிச்சம் உள்ளே போகாமல் காத்தது அந்த ரெக்சின்தான். அது போனால் பிலிமும் போச்சு.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் எங்க தங்கச்சிமாரெல்லாம் வருவாளுவ அண்ணாச்சி. வருஷா வருஷம் ஆத்துப் படித்துறையில வச்சு நாலு பேரும் இதுல ஒரு படம் எடுப்போம். போன வருஷம் ரெக்சின் உரிஞ்சு படம் பூரா வெள்ளையாப் போச்சு. 'இந்தத் தடவையும் சொதப்புனா இனிமே ஃபோன்தான், பெட்டியைத் தூக்கிப் பரண்ல போடு'ன்னு கடைக்குட்டி தீர்ப்புச் சொல்லிட்டா."

"தங்கச்சிதானே டீச்சர், ரெண்டு அதட்டுப் போட வேண்டியதுதானே?"

"அவ ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். என்னைய அதட்டுவா."

அவர் சிரித்தார். ஆனால் கேமராவை என் மேஜையில் வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. அந்தப் பெட்டி பரணுக்குப் போகிறதா படித்துறைக்குப் போகிறதா என்பது இனி என் கையில் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். "நான் ஒட்டினது உரிஞ்சா கடை போர்டைக் கழட்டிருதேன்" என்றேன். இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துக் கடையில் தையல் மிஷின் நின்றது.

வேலை நன்றாக அமைந்தது. பழைய பசையை மூங்கில் சிம்பால் சுரண்டி, ரெக்சினை ஈரத்துணியில் பொதிந்து மிருதுவாக்கி, அரக்குப் பூசி, நூல் சுற்றிக் கட்டி வைத்தேன். பிரித்துப் பார்த்தபோது பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்தது போல இருந்தது. டீச்சர் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன பசை அண்ணாச்சி?" என்று கேட்டார். "அது நம்ம கைப்பக்குவம்" என்று முடித்துக்கொண்டேன்.

படம் எடுக்கிற அன்றைக்கு என்னையும் படித்துறைக்கு அழைத்தார். போர்டு கழற்றுகிற அழகைப் பார்க்க வேண்டும் என்று பாயும் குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார். மழை ஓய்ந்த மார்கழிக் காலை. ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சிமார் மூவரும் நல்ல பட்டுச்சேலையில் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, எண்ணெயில் பொரித்த முந்திரிக்கொத்து தின்றுகொண்டிருந்தார்கள். டீச்சர் பிலிம் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

கடைக்குட்டி ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து வந்து, "எங்க, உங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்த பெட்டியைப் பாப்போம்" என்று கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலெல்லாம் எண்ணெய்.

"ஏட்டி, பிசுக்கா ஆக்கிட்டியே!" என்று டீச்சர் பிடுங்கிக்கொண்டு, இடுப்பிலிருந்த கைக்குட்டையை எடுத்தார். பையிலிருந்து யூடிகோலன் என்கிற வாசனைத் தண்ணீர்க் குப்பியை எடுத்துத் தாராளமாக நனைத்தார். பாளையங்கோட்டைப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் தலைவலிக்கும் அதுதான், பஸ் பயணத்துக்கும் அதுதான், கோயிலில் பிரசங்கம் நீண்டாலும் அதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் கேமராவின் முதுகை அழுத்தித் துடைத்துவிட்டார்.

யூடிகோலனில் முக்கால்வாசி ஸ்பிரிட். பின் கதவு ரெக்சின் அப்படியே வழுக்கி, வாழைப்பழத் தோல் மாதிரி அவர் கைக்குட்டையோடு வந்துவிட்டது.

டீச்சர் கெட்டிக்காரி. கத்தவில்லை. அந்த நொடியே இரண்டு துளையையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"அல்லாவே!" என்றார் பாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, "போர்டைக் கழட்ட ஏணி வேணுமா வே?"

கடைக்குட்டி ஃபோனை எடுத்துவிட்டார். "சரி அக்கா, விடு. வாங்க எல்லாரும், இதுல எடுப்போம்."

டீச்சர் அசையவில்லை. கை கேமராவில், கண் என்மேல். "அண்ணாச்சி, இது அரக்கா?"

"ஆமா டீச்சர்."

"ஸ்பிரிட்டுல கரையும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"தொழில் ரகசியம் டீச்சர்."

"நல்ல ரகசியம்! கரைஞ்ச அரக்கு இன்னும் அங்கனதானே இருக்கு? ஸ்பிரிட்டு பறந்துட்டா திரும்பப் புடிக்கும்லா?"

அந்த யோசனை எனக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. டீச்சர் வேகமாகப் பேசுகிறவர், முந்திக்கொண்டார். நான் உடனே காரியத்தில் இறங்கினேன். பாயின் குடையைக் கேமராவுக்கு மேலே கவிழ்க்கச் சொன்னேன். மஞ்சள் பசையாக இருந்து இப்படி உரிந்திருந்தால் ரெக்சின் இந்நேரம் நார் நாராகியிருக்கும் என்பதை அவருக்கு அந்த அவசரத்திலும் நினைவுபடுத்தினேன். குடை நிழலில், மிச்சமிருந்த யூடிகோலனை ரெக்சினின் உள்பக்கம் விரலால் தடவினேன். அரக்கு மறுபடி பிசுபிசுத்தது. டீச்சர் உள்ளங்கையைப் பைய நகர்த்த நகர்த்த, அந்த இடத்தில் ரெக்சினை நகர்த்திக்கொண்டே வந்து மூடினேன். ஓரம் சேர்ந்தது. ஆனால் நூல் கட்டிக் காயவைக்க நேரம் இல்லை. யாராவது அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக டீச்சர் கேமராவைப் படிக்கட்டுத் திண்டில் வைத்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் உட்காருவார். இன்றைக்கு அது நடக்காது.

"நீங்க போய் உக்காருங்க டீச்சர். நான் எடுக்கேன்."

இந்த மாதிரிக் கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்துத்தான் குனிந்து பார்க்க வேண்டும். பின் கதவு சரியாக வயிற்றில் வந்து உட்காரும். எனக்கு ஆண்டவன் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்திருக்கிறான். மூச்சை இழுத்து, கேமராவை அதில் அழுத்தி, அசையாமல் நின்றேன். எந்தக் கம்பெனியும் அழுத்திப் பிடிக்க இப்படி ஒரு மெத்தை செய்ததில்லை.

மேல் கண்ணாடியில் நாலு அக்கா தங்கச்சிமாரும் தெரிந்தார்கள். நடுவில் டீச்சர். முகத்தில் சிரிப்பில்லை. மூவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குட்டியின் கையில் ஃபோன் இன்னும் இருந்தது.

அப்போது குடையோடு என் பக்கத்தில் நின்ற பாய் சொன்னார்: "டீச்சரம்மா, கவலைப்படாதிய. எத்தனை வருஷமா இந்தத் தொப்பையைச் சும்மாவே வளத்தாரு. இன்னைக்குத்தான் அதுக்கு ஒரு உத்தியோகம் கெடைச்சிருக்கு!"

டீச்சர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். மற்றவர்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கடைக்குட்டி சிரித்த சிரிப்பில் ஃபோன் நழுவப் பார்க்க, அதை மடியில் போட்டுவிட்டு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்தால் வயிறு குலுங்கும், படம் ஆடும். பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

"ஒண்ணே ஒண்ணுதானா? நான் கண்ணை மூடிட்டேன்" என்றார் கடைக்குட்டி. "இன்னொண்ணு எடுங்க அண்ணாச்சி. அதே பெட்டியில."

எடுத்தேன். அது முடிந்ததும் நடுத் தங்கச்சி தனியாக ஒன்று கேட்டார். அப்புறம் குடையோடு பாயை நிறுத்தி ஒன்று. பிலிம் தீர்ந்த பிறகுதான் கேமராவை வயிற்றிலிருந்து எடுத்தேன். ரெக்சின் இம்மி நகரவில்லை. பிலிமைக் கழுவியபோதும் ஒரு படம்கூட வெள்ளையாகவில்லை. சட்டையில் மட்டும் அரக்கு ஒரு சதுரம் போட்டிருந்தது. வீட்டில் எவ்வளவு துவைத்தும் போகவில்லை. எப்படிப் போகும்? தண்ணீருக்குத்தான் அது மசியாதே.