சீனத்து மந்திரியும் என் அல்வா டின்னும்

அந்திநேர மக்ரிப் தொழுகை முடிந்த நேரம். துபாயில் கூரையில்லாத கொட்டகையில் சீனச் சிரிப்புப் படம் ஓடுகிறது. பக்கத்து இருக்கையில், இங்கே டீக்கடை வைத்திருக்கும் காயல்பட்டினம் காசிம் பாய். என் மடியில் ஊரிலிருந்து வந்த அல்வா டின். தம்பிக்கு விசா போட்டுத் தர வேண்டிய மேனேஜருக்கு நாளைக் காலையில் கொடுக்க வேண்டும். அல்வாவுக்கு அடியில் கைக்கடிகாரம் இருக்கிறது. காரியம் கூடிவர வேண்டும் என்று, முருகன் படம் போட்ட விபூதிப் பொட்டலத்தை மேலே வைத்திருக்கிறேன்.

திரையில் ஒரு தொப்பை மந்திரி. ஒருவன் கும்பிட்டுப் பலகார டப்பாவை நீட்டுகிறான். மந்திரி எழுந்துபோய், ஊதுபத்தி புகையும் சிவந்த முகத்துச் சாமியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு டப்பாவைக் கவிழ்க்கிறார். பலகாரத்தோடு தங்கக் கட்டி விழுகிறது. கொட்டகையே விழுந்து விழுந்து சிரிக்கிறது. நான் டின்னை மடியோடு அணைத்துக்கொள்கிறேன்.

"சாமியப் போய்த் திருப்பி வைக்கானே பாய்!"

"அவனுக்காவது சாமிகிட்ட வெட்கம் இருக்கு அண்ணாச்சி. குடுத்தவனப் பாருங்க, கும்பிட்டுல்லா குடுக்கான்! ஆமா, நீங்க ஏன் இப்படி வேர்த்து வடியுதீய?"

டின்னைத் திறக்கிறேன். பொட்டலம் குப்புறக் கிடக்கிறது. மூடி உரசி முருகன் முகம் அழியக் கூடாது என்று நானேதான் கவிழ்த்து வைத்தேன். இப்போது நிமிர்த்தி வைக்கிறேன்.

டின்னை மூடக் கை வரவில்லை.